விலங்கியல் மிஸ்ஸின் கறுப்பு

முதல்வர் மேடம் என் சான்றிதழ்களையெல்லாம் புரட்டி முடித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி என் காதைப் பார்த்தார்.

"அது என்னம்மா, பட்டாம்பூச்சியா?"

என் காதில் இருந்தது வௌவால். ஆக்சிடைஸ்டு வெள்ளியில் செய்தது. சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். அம்மா பார்த்துப் பார்த்துக் கட்டிவிட்ட வெளிர் ரோஸ் புடவைக்கும் அதற்கும் ஒட்டவே ஒட்டாது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது தங்கத் தோடுதான் போட்டிருந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் மாற்றிக்கொண்டேன். அது இல்லாமல் போனால் வேறு யாரோ வேலைக்குப் போவது போல இருந்தது.

"வௌவால் மேடம்," என்றேன். அவர் முகம் மாறுவதற்குள், "பாலூட்டிகள்ல நிஜமா பறக்கிறது அது ஒண்ணுதான்," என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"ஜுவாலஜி படிச்சா அதைக் காதுலயும் மாட்டிக்கணுமா?" என்று கேட்டார். ஆனால் வேலை கொடுத்துவிட்டார். பதினொன்றாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலங்கியல். பள்ளிக்கூடம் வேங்கிக்கால் தாண்டி, புதிதாக வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த பக்கம். வகுப்பறை ஜன்னலில் மலை முழுசாகத் தெரியும்.

கிளம்பும்போது மேடம் உடுப்பு விஷயத்தைச் சொன்னார். "புடவைதான். மடிப்பு கலையாம பின் குத்தியிருக்கணும். தலை பின்னியிருக்கணும். முழுக் கறுப்பு மட்டும் வேணாம்மா. பிள்ளைங்க நாள் பூரா நம்மளத்தானே பாத்துட்டு உக்காந்திருக்குதுங்க."

ரோஸ் புடவையில் இருந்த என்னிடம் கறுப்பைப் பற்றி ஏன் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வௌவாலைப் பார்த்தே மிச்சத்தைக் கணக்குப் போட்டிருப்பார்.

சென்னையில் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி வடகிழக்கு மலை ஊர்க்காரி. அவளிடமிருந்துதான் 'கோத்திக்' என்ற வார்த்தையை முதலில் கேட்டேன். கறுப்பு கவுன், கழுத்தில் கறுப்பு லேஸ், கண்ணைச் சுற்றி அடர்த்தியாக மை, பழைய மாதா கோயில் மணி போல ஒலிக்கும் பாட்டு. அவளைப் பார்த்தால் மற்ற பெண்கள் ஒதுங்கிப் போவார்கள். பழகினால் தெரியும், எறும்பைக்கூட மிதிக்காமல் தாண்டிப் போகிறவள். ஒரு நாள் தன்னுடைய கறுப்பு மேல்சட்டை ஒன்றை என் மீது வைத்துப் பார்த்தாள். நான் வேண்டாம் என்றேன்.

காரணம் உண்டு. நான் கறுப்பு. உறவுக்காரர்கள் மரியாதைக்காக 'மாநிறம்' என்பார்கள். பள்ளியில் அந்த மரியாதை கிடையாது. எந்தத் துணிக்கடைக்குப் போனாலும் யாராவது ஒருவர் அந்தப் பாடத்தை ஒப்பிப்பார்கள்: கறுப்பாக இருக்கிறவர்கள் கறுப்பு போடக்கூடாது, லைட் கலர்தான் எடுக்க வேண்டும், அப்போதுதான் முகம் கொஞ்சம் தெளிவாகத் தெரியும். அதனால் என் பதினெட்டு வயதுவரை நான் வெளிர் ரோஸ், வெளிர் நீலம், சந்தனம் என்று போட்டுக்கொண்டு, முகம் தெளியும் என்று காத்திருந்தேன்.

தோழி விடவில்லை. அந்தச் சட்டையை மாட்டிக் கண்ணாடி முன் நிறுத்தினாள். எனக்கு முதலில் தோன்றியது அழகு என்றோ அழகில்லை என்றோ அல்ல. என் தோலுக்கும் துணிக்கும் நடுவில் சண்டையே இல்லையே என்பதுதான். அதுவரை நான் உடுத்தியதெல்லாம் என் நிறத்தோடு ஓயாமல் வாதாடிக்கொண்டே இருந்திருக்கிறது. அன்றைக்குத்தான் அந்த வாக்குவாதம் நின்றது.

படிப்பு முடிந்து திருவண்ணாமலைக்குத் திரும்பி வந்தபோது பெட்டியில் பாதி கறுப்பு. அம்மா பெட்டியைத் திறந்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"என்னாடி இது, யாரு வீட்டு எழவுக்கு இத்தனை எடுத்த?"

"எனக்குப் பிடிச்சிருக்குதும்மா."

"நீ இருக்கற நிறத்துக்கு இதைப் போட்டா, ராத்திரி கரென்ட் போனா உன்னைத் தேட முடியாது," என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. ஆனால் மறுநாள் அந்தத் துணிகள் பீரோவின் அடித்தட்டுக்குப் போயிருந்தன.

வேலை கிடைத்த பிறகு, மேடத்தின் சொல்லை மீறாமலும் என் மனசு கோணாமலும் எப்படி உடுத்துவது என்பது எனக்கு ஒரு தனிப் படிப்பாகிவிட்டது. முழுக் கறுப்புதானே கூடாது? முற்றின கத்தரிக்காய் நிறத்தில் ஒரு பருத்திப் புடவை. உலர்ந்த திராட்சை நிறத்தில் ஒன்று. மழைக்கால ஏரித் தண்ணீர் போன்ற கரும்பச்சையில் ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பு ரவிக்கை; முழங்கை வரை நீண்ட கை, ஓரத்தில் விரலகலத்துக்குக் கறுப்பு லேஸ். கழுத்தில் ஒரு சிறு பிறை. நெற்றியில் கறுப்புச் சாந்துப் பொட்டு. கண்ணுக்கு மை. கையில் கறுப்பு கண்ணாடி வளையல்.

கண்ணாடியில் பார்த்தபோது ஒரு விஷயம் புரிந்தது. மை, சாந்து, கறுப்பு வளையல், குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, இடுப்பில் கறுப்புக் கயிறு எல்லாம் நம் வீடுகளில் எப்போதும் இருப்பவைதான். ஒவ்வொன்றாக இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே ஆள் ஒரே நாளில் அணிந்தால்தான் கேள்வி வருகிறது.

பள்ளிக்கூடத்தில் என்னை முதலில் கண்டுகொண்டது கணக்கு டீச்சர். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். டவுனில் பல தலைமுறையாக இரும்புக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம். நான் ஏறும் பஸ்ஸிலேயே கறுப்பு புர்கா போட்டுக்கொண்டு ஏறுவார். ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். உள்ளே கிளிப்பச்சை, ஆரஞ்சு, மஞ்சள் என்று புடவை கண்ணைப் பறிக்கும். ரோட்டில் அவர் கறுப்பு, நான் சுமார். அறைக்குள் வந்துவிட்டால் அவர் வாணவேடிக்கை, நான் கறுப்பு.

ஒரு நாள் என் ரவிக்கையின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"லேஸ் நல்லா இருக்குதும்மா. ஆனா இந்தத் துணி கறுப்பு இல்ல."

"கறுப்புதான் அக்கா."

"வெளிய வா." வராந்தா வெயிலில் நிறுத்தி, துணியை இழுத்துக் காட்டினார். "பாத்தியா, பழுப்பு அடிக்குது. ரெண்டு தண்ணி போட்டா செங்கல் கலர் ஆயிடும். கறுப்பு வாங்கறதுன்னா என்னைக் கூட்டிட்டுப் போ. வருஷம் பூரா வாங்கறவ நான்."

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் இருவரும் தேரடித் தெருக் கடை ஒன்றில் போய் நின்றோம். கறுப்பில் நல்ல பருத்திப் புடவை வேண்டும் என்று கேட்டதும், கடைக்காரர் என்னை ஒரு முறை பார்த்தார், புர்காவில் இருந்த அக்காவை ஒரு முறை பார்த்தார். யாரிடம் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"வீட்டுக்காரரு மாலை போடறாராம்மா? வேட்டி அந்தப் பக்கம் இருக்குது."

"எனக்குத்தாங்க. புடவை."

"கறுப்பு எதுக்கும்மா? மெரூன் பாருங்க, உங்களுக்கு எடுப்பா இருக்கும். கறுப்பு நம்ம ஊர்ல கம்மிதான் ஓடும்."

"கம்மியா ஓடுனாலும் பரவால்ல, இருக்கறதை எடுத்துப் போடுங்க," என்றார் அக்கா. கடைக்காரர் எடுத்துப் போட்ட ஒவ்வொன்றையும் அக்கா கடை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் வெளிச்சத்தில் பிடித்தார். இது நீலம். இது பச்சை. இது சாயம் போகும். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். கடைசியில் கரையில் மட்டும் மெரூன் ஓடிய ஒரு புடவையைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, "இதான் கறுப்பு," என்றார். கடைக்காரருக்கே ஆச்சரியம், தன் கடையில் இப்படி ஒரு கறுப்பு இருந்ததா என்று.

அதைக் கட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் காபி குடிக்கப் போனேன். அங்கே வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் தலை முதல் கால் வரை வெள்ளை. பக்கத்து மேஜை அம்மா ஒருவர் மிகுந்த பரிவோடு, உங்கள் வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். இல்லை, நான் டீச்சர் என்றேன். அவருக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது போலத் தலையசைத்தார்.

பிள்ளைகள் என்னைச் சீக்கிரமே ஏற்றுக்கொண்டார்கள். ஆய்வகத்தில் தொங்கிக்கொண்டிருந்த எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்று நான் பாடம் எடுப்பது அவர்களுக்கு இயல்பாகவே இருந்தது. தாவரவியல் டீச்சர் பூப்போட்ட புடவையில் வருகிறார், விலங்கியல் மிஸ் இப்படி வருகிறார், அவ்வளவுதான். எனக்கு 'வௌவால் மிஸ்' என்று பெயர் வைத்திருந்தது எனக்குத் தெரியும். திட்டும்போதும் அப்படித்தான் சொல்வார்கள், தேடும்போதும் அப்படித்தான் சொல்வார்கள்.

பதினொன்றாம் வகுப்பில் ஜன்னலோரப் பெண் ஒருத்தி. நன்றாகப் படிப்பாள். ஆனால் கேள்வி கேட்டால் எழுந்து நின்று மேஜையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வாள். நல்ல கறுப்பு. முகத்தில் எந்நேரமும் பவுடர் திட்டுத்திட்டாகத் தெரியும். மதியத்துக்குள் வியர்வையில் கோடு விழுந்துவிடும். வகுப்பில் பையன்கள் விளக்கு அணைந்தால் சொல்லும் ஜோக் எல்லாம் அவளை வைத்துத்தான். நான் அதட்டினால் அடங்குவார்கள், அடுத்த வாரம் மறுபடி தொடங்குவார்கள்.

ஆசிரியர் தினத்துக்கு எங்கள் பள்ளியில் மூத்த பிள்ளைகள் ஆசிரியர்களைப் போல வேடம் போட்டுக்கொண்டு ஒரு பாடவேளை வகுப்பு எடுப்பார்கள். அதற்கு முந்தின வாரம் அந்தப் பெண் ஆய்வகத்து வாசலில் வந்து நின்றாள். உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை.

"என்னம்மா?"

"மிஸ்... நான் உங்களை மாதிரி போடலாமா மிஸ்?"

"போடு. அதுக்கு என்ன?"

"உங்க புடவை ஒண்ணு தருவீங்களா மிஸ்? எங்க வீட்ல அந்த மாதிரி கலரே கிடையாது."

மெரூன் கரை ஓடிய அந்தக் கறுப்புப் புடவையையே கொடுத்தேன். வௌவால் தோட்டையும் கழுத்துப் பிறையையும் கொடுத்தேன். அன்று காலை கணக்கு அக்காதான் ஆசிரியர் அறையில் அவளுக்குப் புடவை கட்டிவிட்டார். முகத்தைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். பவுடர் டப்பாவை அவள் பையிலிருந்து எடுத்தபோது, "அந்த மிஸ் பவுடர் போடறாங்களா? போடறதில்லல்ல? அப்ப உனக்கும் வேணாம்," என்று வாங்கி வைத்துக்கொண்டார். கண்ணுக்கு மை மட்டும் இட்டார்.

நாங்கள் எல்லாரும் பின் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் உள்ளே வந்தாள். சாக்பீஸை நான் பிடிப்பது போலவே இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தாள். நான் செய்வது போலவே பேசத் தொடங்குமுன் பிறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எனக்கு அந்தப் பழக்கம் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"டவுட் இருந்தா இப்பவே கேளுங்க. வீட்டுக்குப் போயி போனைக் கேட்டா, அது உங்களுக்கு என்னென்னமோ சொல்லும்," என்றாள் என் குரலில். வகுப்பு சிரித்து உருண்டது. பிறகு இதயத்தின் நான்கு அறைகளையும் கரும்பலகையில் வரைந்து, ரத்தம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று தலைநிமிர்ந்து, எல்லார் முகத்தையும் பார்த்துச் சொன்னாள். சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. பையன்கள் பாடத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

என் பக்கத்தில் இருந்த டீச்சர் ஒருவர், "பரவால்லையே, இந்தப் பொண்ணு இவ்ளோ களையா?" என்று கிசுகிசுத்தார். அந்த 'பரவால்லையே' எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவர் சொன்னது உண்மை. மதியம்வரை அவள் புடவையை மாற்றிக்கொள்ளவில்லை. யாரும் மாற்றச் சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகு அவளுடைய பவுடர் குறைந்துகொண்டே வந்தது. கறுப்பு வளையல் வந்தது. சீருடைக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒரு கறுப்பு ஹேர்பேண்ட் வந்தது. பதில் சொல்லும்போது மேஜையைப் பார்க்காமல் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தாள். அதுவே எனக்கு முன்னேற்றமாகத் தெரிந்தது.

கார்த்திகை பிறந்தது. எங்கள் ஊரில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள் ஜாஸ்தி. பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, வங்கி, கலெக்டர் ஆபீஸ் எங்கே பார்த்தாலும் கறுப்புச் சட்டை, கறுப்பு வேட்டி. அந்த நாட்களில் நானும் கொஞ்சம் துணிந்து உடுத்துவேன். ஊரே கறுப்பில் நடக்கும்போது என்னை மட்டும் யார் கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. அக்கா எடுத்துக் கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு போன ஒரு நாள், மேடம் அறையிலிருந்து அழைப்பு வந்தது.

உள்ளே போனேன். மேடத்துக்கு எதிரில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கறுப்புச் சட்டை, கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, நெற்றி நிறையச் சந்தனம், கால்களில் செருப்பில்லை.

"உக்காரும்மா," என்ற மேடத்தின் குரலில் ஏதோ ஒரு தினுசு இருந்தது. "இவரு, ஆசிரியர் தினத்துக்கு உன்னை மாதிரி வேஷம் போட்டாளே, அந்தப் பதினொண்ணாம் வகுப்புப் பொண்ணோட அப்பா. ஆட்டோ ஓட்டறாரு. நீ கறுப்பு கட்டிட்டு வர்றதைப் பத்திப் பேசணும்னு வந்திருக்காரு. சாமி, நீங்களே சொல்லுங்க."

அவர் எழுந்து எனக்குக் கைகூப்பினார். நானும் எழுந்து கைகூப்பினேன். தலை முதல் கால் வரை கறுப்பில் இருவர் எதிரெதிரே நின்றோம்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். நீங்க நல்லா சொல்லித் தர்றீங்கன்னு பாப்பா வீட்ல சொல்லிட்டேதான் இருக்குது. அதுல ஒண்ணும் கொறையில்ல. ஆனா நீங்க இந்த மாதிரி கறுப்பு கறுப்பா கட்டிட்டு வர்றீங்களா, அதைப் பாத்துட்டு அதுவும் கறுப்புதான் வேணும்னு நிக்குது. தீபாவளிக்கு எடுத்ததையே மாத்தித் தான்னு ஒரே அழுகை."

மேடம் தொண்டையைச் செருமினார். "சாமி, நீங்களும் கறுப்புலதானே வந்திருக்கீங்க?"

"இது மாலைங்க மேடம். விரதம். இது வேற, அது வேற."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. கணக்கு அக்கா புர்காவில். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்ததால் சீக்கிரம் கிளம்ப அனுமதி கேட்க வந்தவர், என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார், அப்படியே கதவில் கை வைத்து நின்றுவிட்டார்.

"வாங்க, நீங்க ஒருத்தர்தான் பாக்கி," என்றார் மேடம்.

முதலில் சிரித்தது அக்கா. அப்புறம் மேடத்தால் அடக்க முடியவில்லை. மாலை போட்டவர் மூன்று பேரையும் ஒரு முறை பார்த்து, தன் சட்டையையும் குனிந்து பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். விரதக்காரர் பள்ளிக்கூடத்தில் சத்தம் போட்டுச் சிரிக்கலாமா என்ற சங்கடம் அவருக்கு.

அக்கா அனுமதி வாங்கிக்கொண்டு போன பிறகு நாங்கள் உட்கார்ந்தோம். அவர் கழுத்து மாலையை உருட்டிக்கொண்டே, இந்த முறை என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அது என்னை மாதிரி டீச்சர். நெறம். அவங்க அம்மா செவப்பு. பொறந்தப்ப எல்லாரும், போகப் போக அம்மா மாதிரி வந்துடும்னாங்க. வரல. ஒரு விசேஷத்துக்குக் கூட்டிட்டுப் போனா, பேரைக் கேக்கறதுக்கு முன்னாடி நெறத்தைத்தான் பேசறாங்க. நான் ஆம்பள, வெயில்ல ஆட்டோ ஓட்டறவன், எனக்கு என்னா? அது பொட்டப்புள்ள. லைட் கலரா போட்டாலாச்சும் கொஞ்சம் பேச்சு கம்மியாகும்னுதான்."

அவர் கோபமாகப் பேசியிருந்தால் என்னிடம் பதில் தயாராக இருந்தது.

"என்னையும் இப்படித்தான் வளர்த்தாங்க சாமி," என்றேன். "எங்க அம்மா பாத்துப் பாத்து லைட் கலரா எடுத்தாங்க. நானும் போட்டேன். பேச்சும் கம்மியாகல, நானும் வெளுக்கல. தலையைக் குனிஞ்சு நடந்து நடந்து, அதுதான் பழக்கமாயிடுச்சு."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு இந்தக் கறுப்புச் சட்டை எவ்ளோ எடுப்பா இருக்குது தெரியுமா? உங்க வீட்ல யாரும் சொல்லலையா?"

அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. அத்தனை பெரிய மீசைக்குப் பின்னால் அப்படி ஒரு வெட்கம். "பாப்பா சொல்லுச்சு," என்றார். "மாலை போட்ட அன்னிக்குக் காலையில. 'அப்பா, மத்த கலரைவிட உனக்கு இதுதான் சூப்பரா இருக்குது'ன்னு."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது போலும். மாலையை உருட்டுவதை நிறுத்தினார். மேடம் மேஜை மீதிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினார்.

கடைசியில் அவர் எழுந்தார். "நான் சொல்ல வந்தது வேற, எங்கியோ போயிடுச்சு," என்று சொல்லிவிட்டு, எங்கள் இருவருக்கும் கைகூப்பிவிட்டுக் கிளம்பிப் போனார்.

மேடம் ஜன்னல் வழியாக அவர் ஆட்டோ கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "சரஸ்வதி பூஜைக்கும் பப்ளிக் பரீட்சைக்கும் மட்டும் வேற கட்டிக்கம்மா. சகுனம்னு பெத்தவங்க யாராச்சும் பயந்துக்குவாங்க. மத்த நாள்ல நான் பாக்கல," என்றார். வாசல்வரை போய்விட்டேன். "அந்த வௌவால் எங்க வாங்குன?" என்று பின்னாலிருந்து கேட்டார். பேத்திக்குக் கேட்கிறேன் என்றும் அவசரமாகச் சொல்லிக்கொண்டார்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் அந்தப் பெண்ணுக்குப் பிறந்தநாள். எங்கள் பள்ளியில் பிறந்தநாளன்று மட்டும் சீருடை போடாமல் வரலாம். நான் வகுப்புக்குள் நுழைந்தபோது அவள் சாக்லேட் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தாள். கறுப்புச் சுடிதார். துப்பட்டாவின் ஓரத்தில் மட்டும் மிளகாய்ப்பழச் சிவப்பில் கரை. முகத்தில் பவுடர் இல்லை.

"அப்பா மலைக்குப் போயிட்டு வந்து, அவரே கடைக்குக் கூட்டிட்டுப் போனாங்க மிஸ்," என்றாள். "கறுப்பே எடுத்துக்கோ, பார்டர் மட்டும் செவப்பா இருக்கட்டும்னாங்க. அம்மாவுக்குச் சமாதானம் சொல்றதுக்கு."

பின் வரிசையில் ஒரு பையன் எதையோ சொல்ல வாயெடுத்தான். அவள் டப்பாவோடு அவன் பக்கம் திரும்பி, "உனக்குச் சாக்லேட் வேணுமா, வேணாமா?" என்று கேட்டாள். அவன் கையை நீட்டினான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டோக்காரர் வந்து பேசியதை அதுவரை நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் அம்மா அவர் பக்கம்தான் நியாயம் என்பார் என்று தெரியும். அம்மா மாடியிலிருந்து எடுத்துவந்த துணிகளைக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தார். என் கறுப்பு ரவிக்கையை எடுத்து, லேஸ் கசங்காமல் நீவி நீவி மடித்தார்.

"எனக்கு வாடாமல்லி கலர்னா உசுரு," என்றார் திடீரென்று.

"யாருக்கு, உனக்கா?"

"கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனப்ப, ஒண்ணு இருந்துச்சு. அப்படியே பூவைப் பறிச்சு வச்ச மாதிரி. கையை வச்சேன். உங்க பெரியம்மா என் கையைத் தட்டி விட்டுட்டா. 'உன் நெறத்துக்கு அது அடிக்கும்டி, பாக்கறவங்க சிரிப்பாங்க'ன்னா."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, சந்தனக் கலர் எடுத்தாங்க. நல்லாத்தான் இருந்துச்சு."

"அதுக்கப்புறம் எடுத்திருக்கலாம்லம்மா? இத்தனை வருஷத்துல?"

"அப்புறம் யாரு கேட்டா?" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தார்.

அம்மாவின் பீரோவை அப்போதுதான் மனசுக்குள் திறந்து பார்த்தேன். வெளிர் மஞ்சள், வெளிர் பச்சை, சந்தனம், பால் வெள்ளையில் சின்னப் பூ. எனக்கு அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததெல்லாம் அவருக்கு மற்றவர்கள் தேர்ந்தெடுத்தது. என் நிறத்தை அவருக்குப் பிடிக்கவில்லை என்றே நான் இத்தனை நாளாக எடுத்துக்கொண்டிருந்தேன். தன் மீது விழுந்த பேச்சு என் மீது விழக்கூடாது என்பது மட்டும்தான் அவருடைய பயம்.

அந்த வாரக் கடைசியில் அம்மாவைக் கடைக்கு அழைத்துப் போனேன். எனக்குத் துணி எடுக்க என்று பொய் சொல்லித்தான் கிளப்பினேன். கணக்கு அக்காவும் வந்தார். அதே தேரடித் தெருக் கடை. எங்களைப் பார்த்ததுமே கடைக்காரர், "கறுப்பு புதுசா வந்திருக்குதும்மா, தனியா எடுத்து வச்சிருக்கேன்," என்றார்.

"இன்னிக்கு அது வேணாங்க," என்றார் அக்கா. "வாடாமல்லி எடுத்துப் போடுங்க. மங்கலா வேணாம். நல்லா அடிக்கிற கலரா."

அம்மா என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். விஷயம் புரிந்ததும், "அய்ய, எனக்கெதுக்கு இந்த வயசுல," என்று எழுந்துகொள்ளப் பார்த்தார். அக்கா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். புடவைகள் ஒவ்வொன்றாக விரிந்தன. அம்மா எதையும் தொடவில்லை. நான்காவதோ ஐந்தாவதோ விரிந்தபோது மட்டும் அவருடைய வலது கை தானாக முன்னால் போனது. போய்விட்டுப் பாதியில் நின்றது. அக்கா அந்தப் புடவையை எடுத்து அம்மாவின் தோளில் போட்டு, கண்ணாடி முன் நிறுத்தினார்.

அம்மா தன்னையே வெகுநேரம் பார்த்தார்.

"ஜாஸ்தியா இருக்குதோ?"

"ஜாஸ்தியாதாம்மா இருக்குது," என்றேன்.

"எடுத்துக்கட்டுமா?"

நான் தலையாட்டுவதற்குள் அக்கா கடைக்காரரிடம், "கட்டுங்க," என்றார்.

தை மாதக் கடைசியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அம்மா வாடாமல்லியில் வந்தார். நான் கறுப்புப் பட்டில், மெரூன் ரவிக்கையில். மண்டபத்து வாசலில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னாடி இது, அம்மாக்காரி இப்படி பளபளன்னு வந்திருக்கா, பொண்ணு இப்படி இருட்டாட்டம் வந்திருக்குது? மாப்பிள்ளை பாக்கற நேரத்துல?"

நான் வழக்கம் போல அம்மாவைப் பார்த்தேன். இப்போது அம்மா என்னைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"அவளுக்கு அது நல்லா இருக்குது, எனக்கு இது நல்லா இருக்குது," என்றார் அம்மா. "நீ சாப்ட்டியா? பந்தி ஆரம்பிச்சுட்டாங்களாம், வா."

பெரியம்மாவின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு முன்னால் நடந்தார். பட்டு சரசரக்க, தலை நிமிர்ந்து, கூட்டத்தின் நடுவில் எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி.